சோகையும் டானிக்கும்

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் புக்கிட் பெலிம்பிங் போன்ற தோட்டங்களில் வாழ்ந்த மூத்தவர்களிடம் பழைய நோய்களைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் ஒரே வகையான விடையே வரும். “உடம்பில் இரத்தமே இல்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது. கடையில் டானிக் வாங்கி இரண்டு போத்தல் குடித்தேன். பிறகுதான் எழுந்து பால் வெட்டப் போனேன்” என்பார்கள். சிலர் மருந்தின் பெயரைச் சொல்வர். சிலர் போத்தலின் நிறத்தையும், அட்டையில் இருந்த படத்தையும் மட்டும் நினைவில் வைத்திருப்பர். மீனைத் தோளில் சுமந்து நிற்கும் மனிதனின் படத்தைச் சொன்னால் அது ஸ்காட் எமல்ஷன் என்று கேட்பவர் உடனே புரிந்து கொள்வர்.

இவ்விடையைக் கேட்கும் படித்த இளைஞர்கள் நகைப்பதுண்டு. விளம்பரத்தில் மயங்கிய மக்கள் என்பது அவர்கள் முடிவு. ஆனால் தேறியவர் தேறியது உண்மை. அவர் பொய் சொல்லவில்லை. அப்படியானால் அந்தப் போத்தலுக்குள் இருந்தது என்ன? அது யாருக்கு உதவியது, யாருக்கு உதவவில்லை? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு, ஒரு காலத்தில் உலகெங்கும் விற்ற ஒரு மாத்திரையின் வரலாற்றைப் பார்ப்பது பயன் தரும். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் வெளிவந்த பழைய செய்தித்தாள்களைப் புரட்டுவோர் அதன் விளம்பரத்தைக் காணாமல் இருக்க இயலாது. அதன் பெயர் ‘வெளிறிய மக்களுக்கான டாக்டர் வில்லியம்சின் இளஞ்சிவப்பு மாத்திரை’ என்பது.

இரண்டு சொற்கள்

அதற்குமுன் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் நல்லது. ‘டானிக்’ என்னும் சொல் கிரேக்க மொழியில் ‘இழுத்துக் கட்டுதல், முறுக்கு’ என்னும் பொருளுடைய சொல்லடியாகப் பிறந்தது. இசைக் கருவியின் நரம்பு தளர்ந்தால் ஓசை கெடுவதுபோல, உடலின் நார்களும் நரம்புகளும் முறுக்குத் தளர்ந்தால் நோய் வரும் என்று 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர்கள் கருதினர். தளர்ந்ததை மீண்டும் முறுக்கேற்றும் மருந்து டானிக் ஆயிற்று. தமிழில் ‘உடல் தளர்ச்சி’ என்று கூறும்போதும் இதே உவமைதான் அடியில் கிடக்கிறது. எவரிடமிருந்தும் கடன் வாங்காமலே இரு மொழிகளும் ஒரே உருவகத்தைக் கண்டிருக்கின்றன. ஆயினும் உவமை வேறு, உடற்கூறு வேறு. தளர்ச்சி என்பது ஒரு நோயன்று. பல நோய்களின் வெளித்தோற்றம் அது.

‘பேட்டண்ட் மருந்து’ என்பது மற்றொரு சொல். பேட்டண்ட் என்றால் அரசு வழங்கும் கண்டுபிடிப்புரிமை. அவ்வுரிமை வேண்டுவோர் தம் மருந்தில் என்னென்ன உண்டு என்பதை வெளியிட்டாக வேண்டும். பேட்டண்ட் மருந்து என்று பெயர் பெற்றவற்றுள் மிகப் பெரும்பாலானவை அவ்வுரிமையைப் பெறவே இல்லை. பெற்றிருந்தால் கமுக்கம் வெளிப்பட்டிருக்கும். அவர்கள் பதிவு செய்து காத்துக் கொண்டது மருந்தின் பெயரையும் அட்டைப் படத்தையும்தான். பிரிட்டனில் இத்தகைய மருந்துகளின் உட்பொருளை அட்டையில் அச்சிட வேண்டும் என்னும் கட்டாயம் 1941ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. அதற்கு முன்னர்ப் பல தலைமுறையினர் உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாமலே உண்டனர்.

ஐம்பத்து மூன்று டாலர் மருந்து

கனடா நாட்டில் ஒண்டாரியோ மாநிலத்தில் செயிண்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் பிராக்வில் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே ஜார்ஜ் புல்போர்டு என்பவர் மருந்துக் கடை நடத்தி வந்தார். 1890இல் அவர், வில்லியம் ஜாக்சன் என்னும் மருத்துவரிடமிருந்து ஒரு மாத்திரையின் உரிமையை 53 டாலர் 1 காசுக்கு விலைக்கு வாங்கினார். ‘டாக்டர் வில்லியம்ஸ்’ என்று ஒருவர் இருந்ததில்லை. அம்மருத்துவரின் முதற்பெயரே அட்டையில் டாக்டர் வில்லியம்ஸ் ஆகிவிட்டது.

புல்போர்டு மருந்தை மாற்றவில்லை. விற்கும் முறையைத்தான் மாற்றினார். மாத்திரையின் மேல் இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பூச்சு. வெளிறிய முகத்துக்குச் செந்நிற மாத்திரை என்னும்போது, படிக்கத் தெரியாதவரும் கருத்தைப் பற்றிக் கொள்வர். அடுத்து, விளம்பரத்தை விளம்பரம் போலத் தோன்றாதபடி எழுதுவித்தார். ஓர் ஊர், ஒரு தெரு, ஒரு மனிதர், அவர் படுத்த படுக்கையாய்க் கிடந்த கதை, மருத்துவர்கள் கைவிட்டது, யாரோ கொடுத்த ஒரு பெட்டி மாத்திரை, மறு மாதம் அவர் எழுந்து நடந்தது என்று செய்தி எழுதும் முறையிலேயே அது அமைந்திருக்கும். ‘ஹாமில்டன் அற்புதம்’ என்று பெயர் பெற்ற அத்தகைய கதை ஒன்று 1891இல் வெளிவந்து அம்மருந்தின் புகழைப் பரப்பியது. ஊர்தோறும் பெயர்கள் மாறின. கதையின் எலும்புக்கூடு மாறவில்லை. கீழைக் கடற்கரைக்கு வந்தபோது சிங்கப்பூர், பினாங்கு, கோலாலம்பூர் என்று நமக்குத் தெரிந்த ஊர்களின் பெயர்கள் அதில் நுழைந்தன. சீன மொழியிலும் பிற மொழிகளிலும் அவை அச்சாயின.

ஏறத்தாழ 80 நாடுகளில் அம்மாத்திரை விற்றது. புல்போர்டு 1900இல் கனடா மேலவையின் உறுப்பினர் ஆனார். ஆற்றங்கரையில் அவர் கட்டிய மாளிகை இன்றும் காட்சிக்கூடமாக நிற்கிறது. எல்லா நோய்க்கும் மருந்து விற்றவர் 1905இல் மோட்டார் வண்டி விபத்தில் இறந்தார். கனடா நாட்டவருள் மோட்டார் விபத்தில் உயிரிழந்த முதல்வர் என்று அவரைக் குறிப்பிடுவர்.

1909இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் ‘கமுக்க மருந்துகள்’ என்னும் பொருள்படும் பெயரில் ஒரு நூலை வெளியிட்டது. கடையில் விற்ற பல மருந்துகளை வேதியியல் முறையில் பகுத்துப் பார்த்து, உள்ளே இருந்தவற்றையும் அவற்றின் அடக்க விலையையும் அதில் அச்சிட்டனர். இளஞ்சிவப்பு மாத்திரையும் அவற்றுள் ஒன்று. 30 மாத்திரை கொண்ட பெட்டியின் விலை 2 ஷில்லிங் 9 பென்ஸ். உட்பொருளின் அடக்க விலையோ ஒரு பென்னிக்கும் மிகக் குறைவு. உள்ளே இருந்தவை: உலர்த்திய இரும்புக் கந்தகி, பொட்டாசியம் கார்பனேட், சிறிது மக்னீசியா, அதிமதுரத் தூள், சர்க்கரை.

அன்னபேதி

இரும்புக் கந்தகி என்றால் தமிழ்நாட்டு வைத்தியருக்கு விளங்காமல் போகலாம். அன்னபேதி என்றால் உடனே விளங்கும். பசுமை நிறமான அந்த உப்பை நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் காணலாம். சித்த மருத்துவத்தில் பாண்டு என்றும் சோகை என்றும் வழங்கும் நோய்க்கு அன்னபேதிச் செந்தூரம், அயச்செந்தூரம், மண்டூரம் ஆகிய இரும்பு மருந்துகள் தொன்றுதொட்டு வழக்கில் உள்ளன. கப்பலேறி வந்த தோட்டத் தமிழர் சிலர், தம் ஊர் வைத்தியர் கொடுத்திருக்கக்கூடிய அதே பொருளைத்தான் கனடாவிலிருந்து வந்த பெட்டியில் விலைக்கு வாங்கினர் என்று கூறினால் மிகையாகாது. ஆயினும் இரண்டும் ஒன்றே என்று பெருமை பேசுவதும் பிழை. அன்னபேதியைப் புடமிட்டுச் செந்தூரமாக்கும்போது அது செந்நிற இரும்புத் துருவின் இனமாக மாறுகிறது. துரு எளிதில் கரைவதில்லை. கரையாத இரும்பு குடலில் உறிஞ்சப்படுவதும் குறைவு. மூலப்பொருள் ஒன்று, முடிவுப்பொருள் வேறு.

ஐரோப்பாவிலும் இது புதிதன்று. 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் சிடன்ஹாம் என்னும் ஆங்கில மருத்துவர், வெளிறித் தளர்ந்த இளம்பெண்களுக்கு இரும்புத் தூளை மதுவில் ஊறவைத்துக் கொடுத்தார். 18ஆம் நூற்றாண்டில் இத்தாலிய நாட்டு மெங்கினி என்பவர், உலர்ந்த இரத்தத்தின் துகள்களைக் காந்தம் இழுப்பதைக் காட்டி, இரத்தத்தில் இரும்பு உண்டு என்பதை விளக்கினார். பிரெஞ்சு மருத்துவர் புளோ என்பவர் 1832இல் இரும்புக் கந்தகியையும் பொட்டாசியம் கார்பனேட்டையும் சேர்த்து மாத்திரை செய்யும் முறையை வெளியிட்டார். அது எந்த மருந்துக் கடையிலும் மலிவாகக் கிடைத்தது. இளஞ்சிவப்பு மாத்திரை இந்தப் புளோ மாத்திரையே. பூச்சும் பெயரும் விலையும்தான் வேறு.

எனவே முதல் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. இரும்புக் குறைவால் சோகை கொண்டவர் அதை உண்டு தேறினார் என்றால் அதில் வியப்பில்லை. விற்றவர் கூறிய கதைகள் பொய்யாக இருக்கலாம். மாத்திரைக்குள் இருந்த இரும்பு பொய்யன்று.

தோட்டக்காட்டின் கணக்கு

இனித்தான் கடினமான பகுதி வருகிறது. தோட்டத் தொழிலாளிக்குச் சோகை ஏன் வந்தது?

சிலாங்கூர்க் கடலோரம் தாழ்வான சதுப்பு நிலம். அக்காட்டில் வாழ்ந்த ஒருவகை அனோபிலிஸ் கொசு மலேரியாவைப் பரப்பியது. 1901 முதல் கிள்ளானில் பணியாற்றிய மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர், காட்டை வெட்டி வடிகால் அமைத்தால் சமவெளியில் மலேரியா குறையும் என்று காட்டினார். கிள்ளானில் அது குறையவும் செய்தது. ஆனால் குன்றுப் பகுதிகளில் அதே முறை எதிர்மாறான விளைவைத் தந்தது. நிழல் போனபின் வெயில் படும் தெளிந்த ஓடைகளில் வேறொரு கொசு பெருகியது. அங்கே ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் அடைக்கவும் நீரில் எண்ணெய் தெளிக்கவும் வேண்டியதாயிற்று. ஓரிடத்து மருந்து மற்றோரிடத்தில் நஞ்சாகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று காண்பது அரிது. தம் பட்டறிவை அவர் 1911இல் நூலாக வெளியிட்டார்.

மலேரியாக் கிருமி இரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கிறது. பலமுறை காய்ச்சல் கண்டவரின் மண்ணீரல் பெருத்து இடப்பக்க வயிற்றில் கையில் தட்டுப்படும். முன்னோர் இதனைக் காய்ச்சற்கட்டி என்றனர். இந்தச் சோகையில் இரும்பு உடலைவிட்டு வெளியேறுவது குறைவு. உடைந்த அணுக்களின் இரும்பு பெரும்பாலும் உடலிலேயே தங்கிவிடும். அத்தகையவருக்கு இரும்பு மாத்திரை பெரும்பயன் தராது. அவருக்கு வேண்டியது பெரட்டுக் களத்தில் டிரசர் கொடுத்த கசப்புக் கொய்னா. அது கசந்தது, காது இரைந்தது, ஆகவே பலர் வாயில் வாங்கி வெளியே துப்பினர். டானிக் இனித்தது, ஆகவே கூலியைக் கொடுத்து வாங்கினர்.

இரண்டாவது காரணம் கொக்கிப்புழு. மலம் கலந்த ஈரமண்ணில் அதன் இளம்புழு வளர்கிறது. வெறுங்காலுடன் நடப்பவரின் தோலைத் துளைத்து உட்புகுந்து, இரத்த வழியாக நுரையீரல் சென்று, தொண்டை வழியாகக் குடலை அடைந்து, அங்கே கடித்துத் தொங்குகிறது. விடியற்காலையில் ஈரமான மரநிரைகளுக்கு நடுவே வெறுங்காலுடன் நடந்து பால் வெட்டியவர்களுக்கும், கழிப்பிடம் இல்லாத லயங்களின் பின்புறத்தில் விளையாடிய குழந்தைகளுக்கும் இது எளிதில் வாய்த்தது. 1915 முதல் 1917 வரை அமெரிக்க ராக்பெல்லர் நிறுவனத்தின் ஆய்வுக் குழு ஒன்று, டார்லிங் என்னும் அறிஞரின் தலைமையில், மலாயா, ஜாவா, பிஜித் தீவு ஆகிய இடங்களில் தொழிலாளரை ஆராய்ந்தது. 1920இல் வெளிவந்த அதன் அறிக்கையின் தலைப்பிலேயே கொக்கிப்புழுவும் மலேரியாவும் இணைந்து நிற்கின்றன. தோட்டத் தொழிலாளியின் வெளிறிய முகத்துக்குப் பின்னே பெரும்பாலும் ஒரு பகைவன் இல்லை, இருவர் இருந்தனர்.

மாணவர்க்கு ஏற்ற ஒரு சிறு கணக்கு இங்கே உண்டு. நம் நாடுகளில் மிகுதியாகக் காணும் கொக்கிப்புழு ஒன்று நாளொன்றுக்குக் குடிக்கும் இரத்தம் சுமார் 0.03 மில்லிலிட்டர். சிறிய அளவுதான். ஆனால் ஒருவர் குடலில் 300 புழு இருந்தால் 9 மில்லிலிட்டர். நல்ல இரத்தம் ஒரு மில்லிலிட்டரில் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஆக இழப்பு 4.5 மில்லிகிராம். குடலில் சிந்திய இரும்பில் ஒரு பகுதி மீண்டும் உறிஞ்சப்படுவதால் பாதி மீண்டுவிட்டது என்றே கொள்வோம். எஞ்சிய இழப்பு 2 மில்லிகிராமுக்குச் சற்று மேல். சோறும் கீரையும் கருவாடும் உண்பவரின் உடலில் நாளொன்றுக்குச் சேரும் இரும்பு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம். அதிலும் இயல்பான தேய்மானத்துக்கு ஒரு பங்கு போய்விடும். பெண்களுக்கு மாதவிலக்காலும் பிள்ளைப்பேற்றாலும் ஆகும் செலவு வேறு. இருப்பு நாள்தோறும் குறைந்தே தீரும்.

இப்போது மாத்திரை வருகிறது. ஒரு மாத்திரையில் சுமார் முக்கால் கிரெயின், அதாவது 50 மில்லிகிராமை ஒட்டிய இரும்புக் கந்தகி இருந்தது. அதில் தனி இரும்பு ஏறத்தாழ 15 மில்லிகிராம். நாளைக்கு மூன்று உண்டால் 45. அதில் பத்தில் ஒரு பங்கு உடலில் சேர்ந்தாலும் 4.5 மில்லிகிராம். வரவு செலவை மிஞ்சிவிட்டது! முகத்தில் சிறிது சிறிதாக நிறம் வரும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காது. தேறினேன் என்று அவர் சொல்வது மெய்யே. ஆனால் பெட்டி தீர்ந்ததும் வரவு நின்றுவிடும், புழுக்களின் செலவு நிற்காது. சில மாதங்களில் பழைய வெளுப்பு திரும்பும். அப்போது அவர் என்ன நினைப்பார்? “டானிக் குடித்தபோது நன்றாக இருந்தேன், நிறுத்தியதும் கெட்டது” என்பார். மீண்டும் கடைக்குப் போவார். ஓட்டைப் பானையை அடைக்காமல் நீர் வார்ப்பவனுக்கு நீர் விற்பவன் நல்ல நண்பனாகவே தோன்றுவான்.

நீரின் விலையையும் பார்க்க வேண்டும். 1906 முதல் நீரிணைக் குடியேற்ற டாலர் ஒன்றுக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று விலை நிலைநிறுத்தப்பட்டிருந்தது. அக்கணக்கில் 2 ஷில்லிங் 9 பென்ஸ் என்பது சுமார் 1 டாலர் 18 காசு. இது கப்பற்கூலியும் கடைக்காரர் ஆதாயமும் சேராத இங்கிலாந்து விலை. நாளைக்கு மூன்று வீதம் ஒரு பெட்டி பத்து நாளில் தீரும். சோகை முழுதும் தீர்ந்து உடலில் இருப்பும் சேர மூன்று மாதமாவது வேண்டும், அதாவது ஒன்பது பெட்டி, 10 டாலர் 60 காசுக்கு மேல். 1930களில் ஆண் தொழிலாளியின் நாட்கூலி 50 காசை ஒட்டியது, பெண்ணுக்கு அதனினும் குறைவு. ஆக ஆடவர்க்கு 21 நாள் உழைப்பு. ஒரு பென்னிகூடப் பெறாத அன்னபேதிக்கு இவ்வளவு! முழு அளவு வாங்கியவர் சிலரே இருப்பர். பெரும்பாலோர் ஒரு பெட்டியோடு நிறுத்தியிருப்பர். பணமும் போயிற்று, நோயும் போகவில்லை.

சான்று கூறுவோர்

நற்சான்றுக் கடிதங்களை மாணவர்க்குப் பாடமாகவே வைக்கலாம். மொழிநடை பயிலவும், அதைவிட முக்கியமாக, ஒரு கூற்றை எவ்வாறு எடைபோடுவது என்று பயிலவும் அவை உதவும். ‘மருந்து உண்டேன், தேறினேன்’ என்னும் தொடரில் இரண்டு நிகழ்ச்சிகள் உள்ளன. முன்னது பின்னதற்குக் காரணம் என்பது அத்தொடரில் இல்லை. படிப்பவர் அதைத் தாமே சேர்த்துக் கொள்கிறார். காய்ச்சல் தானே தணிந்திருக்கலாம். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் தளர்ச்சி ஓய்வினால் நீங்கியிருக்கலாம். டானிக் வாங்கிக் கொடுத்த கணவன் அதனோடு முட்டையும் பாலும் வாங்கிக் கொடுத்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதன் மருந்தைத் தேடுவது நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான். உச்சத்துக்குப் பின் இறக்கம் இயல்பாகவே வரும், வெறும் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்திருந்தாலும்.

இன்னொன்றும் உண்டு. உண்டும் தேறாதவர் கடிதம் எழுதுவதில்லை. இறந்தவர் எழுதவே இயலாது. செய்தித்தாளில் வந்தவை பிழைத்தவர்களின் குரல்கள் மட்டுமே. பேறுகாலத்தில் சோகையோடு பெருமளவு இரத்தம் இழந்து மாண்ட தாய்மார் பலர். அவர்களது வீட்டிலும் ஒருவேளை பாதி குடித்த போத்தல் ஒன்று இருந்திருக்கும்.

மற்ற டானிக்குகளைப் பற்றி நீட்டிக் கூற வேண்டியதில்லை. மீன் எண்ணெய்க் குழம்புகளில் வைட்டமின் ஏ, டி ஆகியவை உண்டு. மெலிந்த குழந்தைகளுக்கு அவற்றால் பயன் இருந்தது. டோங்கரே பாலாமிர்தம் போன்றவை இந்தியாவிலிருந்து வந்து குழந்தைகளின் வாயில் இனித்தன. வின்கார்னிஸ் என்பது இங்கிலாந்தின் நார்விச் நகரில் தோன்றிய மதுவகை டானிக். மதுவையும் இறைச்சியையும் குறிக்கும் சொற்களை ஒட்டியே அதற்குப் பெயரிட்டனர். மலேசியாவில் பிள்ளை பெற்றவர்களுக்கு அதைக் கொடுக்கும் வழக்கம் இன்னும் முழுதும் மறையவில்லை. குடித்தவுடன் உடல் சூடாவதும் சற்றே தெம்பு வருவதும் அதிலுள்ள சாராயத்தின் செயல். சாராயம் தாய்ப்பாலிலும் கலக்கும் என்பதைப் பாட்டிமார் அறிந்திருக்கவில்லை. கறுப்புப் பீரில் இரும்புச் சத்து மிகுதி என்னும் நம்பிக்கையும் இவ்வகையதே. அதிலுள்ள இரும்பு மிகச் சிறிது.

மண் தின்னும் பிள்ளை

ஆசிரியர்கள் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்று எஞ்சியிருக்கிறது. சோகை கொண்ட பிள்ளை வகுப்பில் எப்படித் தோன்றும்? அழாது, முறையிடாது. பலகையைப் பார்த்துக் கொண்டே இருக்கும், மனத்தில் எதுவும் பதியாது. ஓடி விளையாடாது. கேட்ட கேள்விக்கு விடை சொல்ல நேரமாகும். அப்பிள்ளைக்கு மந்தன் என்றும் சோம்பேறி என்றும் பெயர் வந்துவிடும். பிரம்படியும் கிடைத்திருக்கும். தோட்டப் பள்ளிகளில் பல ஆண்டுகள் கீழ் வகுப்பிலேயே தங்கிப் பின்னர் நின்றுவிட்ட பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு அறிவில் குறை, எத்தனை பேருக்கு இரத்தத்தில் குறை என்று எந்தப் பதிவேடும் பிரித்துச் சொல்லாது. இரும்பு இரத்தத்துக்கு மட்டும் உரியதன்று, மூளையின் வளர்ச்சிக்கும் வேண்டும். குழந்தைப் பருவத்தில் ஏற்படும் இரும்புக் குறைவு படிப்பைப் பாதிக்கும் என்பது இன்று நன்கு அறியப்பட்ட செய்தி.

இத்தகைய பிள்ளைகளுள் சிலர் மண், சாம்பல், சுண்ணாம்பு, பச்சரிசி ஆகியவற்றைத் தின்பர். கருவுற்ற பெண்களும் தின்பதுண்டு. மண் தின்றதால் சோகை வந்தது என்று மக்கள் கருதினர், பழைய மருத்துவ நூல்களும் அவ்வாறே கூறும். அதில் பாதி உண்மை இருக்கிறது. மண்ணோடு புழுவின் முட்டைகளும் உள்ளே போகும். சிலவகை மண் இரும்பு உறிஞ்சப்படுவதையும் தடுக்கும். மற்றொரு பாதி தலைகீழ். உடலில் இரும்பு குறைந்ததன் அடையாளமாகவே பலருக்கு அந்த வேட்கை எழுகிறது. அதை அறியாமல் வாயில் வேப்பெண்ணெய் தடவியும் கையில் சூடு போட்டும் தண்டித்த கொடுமை நிகழ்ந்திருக்கிறது.

இன்று நிலைமை பெரிதும் மாறிவிட்டது. மலேசியாவில் 2018 முதல் மனிதரிடையே பரவும் வழக்கமான மலேரியா உள்நாட்டில் தொற்றியதாகப் பதிவாகவில்லை. குரங்கிலிருந்து வரும் ஒருவகை மட்டும் காட்டோரங்களில் நீடிக்கிறது. கொக்கிப்புழுவுக்கு அல்பெண்டசோல் மாத்திரை ஒரே ஒரு வேளை போதும். காலணியும் கழிப்பிடமும் அதனினும் சிறந்த மருந்துகள். 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் சில கொடிய நோய்களைத் தீர்ப்பதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. இந்தியாவில் இத்தகைய சட்டம் 1954இல் வந்தது. 1984ஆம் ஆண்டு விதிகளின்படி மலேசியாவில் விற்கும் மருந்து ஒவ்வொன்றும் பதிவு பெற வேண்டும். அட்டையில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும். அதன் இறுதியில் டி என்னும் ஆங்கில எழுத்து இருந்தால் பாரம்பரிய மருந்து, என் இருந்தால் சத்துணவுத் துணைப்பொருள் என்று பொருள். நோயைத் தீர்க்கும் என்று அரசு உறுதி கூறியதாகப் பொருள் அன்று. இதை அறியாதோர் எண்ணைக் கண்டதும் நம்பிவிடுகின்றனர். எண்ணே இல்லாத ‘இரத்தம் ஊறும்’ சாறுகளைக் கைப்பேசி வழியாக விற்போரோ பழைய நற்சான்றுக் கதையைச் சொல் மாறாமல் சொல்கின்றனர்.

சோகை மட்டும் மறையவில்லை. கருவுற்ற பெண்களிடமும் வளரும் பெண்பிள்ளைகளிடமும் இன்னும் பரவலாக இருக்கிறது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு ஆடவர்க்கு 13 கிராமுக்கும், பெண்டிர்க்கு 12 கிராமுக்கும் குறைந்தால் சோகை என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. கருவுற்றவர்க்கு எல்லை 11ஐ ஒட்டியது. அரசாங்கச் சுகாதார நிலையத்தில் ஒரு துளி இரத்தத்தில் இதை அளந்துவிடுவர். அளக்காமல் இரும்பு உண்பது முறையன்று. மலேசியாவில் தலசீமியா என்னும் பரம்பரைச் சோகையும் உண்டு. அவர்களுள் பலர் உடலில் இரும்பு ஏற்கெனவே மிகுந்திருக்கும், மேலும் சேர்ப்பது ஈரலையும் இதயத்தையும் கெடுக்கும். நடுவயதைக் கடந்த ஆடவர் ஒருவர் வெளிறினால், குடலில் புண்ணோ புற்றோ இரத்தம் கசியச் செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அத்தகையவர் டானிக் குடித்து முகம் தேறினால், அத்தேற்றமே நோயை மறைத்துவிடும். பேட்டண்ட் மருந்துகளால் விளைந்த பெருங்கேடு நஞ்சினால் விளைந்ததைவிட இந்தக் காலத்தாழ்வால் விளைந்ததே.

இரும்புக் குறைவு என்று உறுதியானால் மருந்து மிக மலிவு. 200 மில்லிகிராம் இரும்புக் கந்தகி மாத்திரை ஒன்றில் தனி இரும்பு 65 மில்லிகிராம் இருக்கிறது, பழைய இளஞ்சிவப்பு மாத்திரை நான்குக்குச் சமம். நாளைக்கு மூன்று என்று முன்னர்க் கொடுத்தனர். ஒருமுறை உண்டபின் குடல் சிறிது நேரம் இரும்பை ஏற்க மறுக்கிறது என்று அண்மை ஆய்வுகள் காட்டியதால், நாளைக்கு ஒன்றோ ஒருநாள் விட்டு ஒருநாளோ போதும் என்று மருத்துவர் பலர் கூறுகின்றனர். எலுமிச்சைச் சாறு உடன் சேர்ந்தால் இரும்பு நன்கு உறிஞ்சப்படும். தேத்தண்ணீர் அதைக் கட்டிவிடும். சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடிக்கும் தோட்ட வழக்கத்தை ஒருமணி நேரமாவது தள்ளி வைத்தல் வேண்டும். மாத்திரை உண்போர்க்கு மலம் கறுக்கும். அஞ்சி நிறுத்துவோர் பலர், அது இரும்பின் நிறமே. நிறம் தேறியதும் நிறுத்துவோர் அவர்களினும் பலர். இரத்தம் சரியானபின் மேலும் மூன்று மாதம் உண்டால்தான் ஈரலில் இருப்புச் சேரும். மண் தின்னும் பிள்ளைக்கு மட்டும் ஒரு மாறுதல் முன்னதாகவே தெரியும். முகத்தில் சிவப்பு ஏறுவதற்கு முன்பே, பெரும்பாலும் சில வாரங்களுக்குள், அது மண்ணைத் தேடுவதை விட்டுவிடும்.